காய்ச்சல் அட்டையும் சுப்பராவும்

கீமோ எடுக்கிறவர் இருக்கும் வீட்டில், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சிறு அட்டை ஒட்டியிருப்பதை ஸ்காபரோவில் சிலராவது பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் ஒருதரம் 38.3 பாகையைத் தொட்டாலோ, 38 இல் ஒரு மணித்தியாலம் நின்றாலோ, உடனே எமேர்ஜென்சிக்குப் போகச் சொல்கிற அட்டை அது. ரைலனோலைப் போட்டுவிட்டு விடியட்டும் பார்ப்போம் என்று படுக்கிற காய்ச்சல் இல்லை. கீமோ, வெள்ளை அணுக்களையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. அந்த நேரம் குடலில் சும்மா கிடந்த கிருமி இரத்தத்துக்குள் இறங்கினால், சில மணித்தியாலங்களில் ஆளைச் சாய்த்துவிடும். அதற்குள் சரியான அன்ரிபயோற்றிக் ஏறவேண்டும்.

புற்றுநோய் மருந்து, அன்ரிபயோற்றிக் இரண்டின் கதையிலும் வருகிற ஒரு மனிதர் யெல்லாப்பிரகட சுப்பராவ். 1895 இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். எங்கட ஆள் என்று உரிமை கொண்டாட வரவில்லை. ஆனால் படித்தது சென்னையில். மெற்றிக்குலேசனை மூன்றாம் தடவைதான் தாண்டினார். சென்னை மருத்துவக் கல்லூரியில், காந்தியின் அழைப்பைக் கேட்டு, சத்திரசிகிச்சைக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார்.

அந்தப் பட்டத்தோடு 1920களின் தொடக்கத்தில் பொஸ்ரனுக்குப் போனார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் கடைநிலை வேலை. இங்கே வந்த புதிதில் டிகிரியை மடித்து வைத்துவிட்டு நைட் ஷிப்ட் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பொஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது இருவர் பெயரிலும் பாடப்புத்தகங்களில் ஏறியது. ஆனாலும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை.

1940 இல் நியூயோர்க் மாநிலத்து லெடர்லி மருந்துக் கம்பனிக்குப் போனார். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதற்கு எதிராக வேலை செய்யும் அமினொப்ரெரினையும் மெதொட்ரெக்சேற்றையும் உருவாக்கியது. பொஸ்ரனில் சிட்னி ஃபார்பர் அமினொப்ரெரினை லுகேமியா வந்த 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது, தற்காலிகமாகத்தான். அதுவரை அந்தளவுக்குக்கூட யாராலும் முடியவில்லை. மெதொட்ரெக்சேற் இன்றும் பாவனையில் இருக்கிறது.

அதே ஆய்வுகூடத்தில், சுப்பராவின் மேற்பார்வையில், பெஞ்சமின் டகர் என்ற வயதான தாவரவியலாளர் மண் மாதிரிகளைத் துழாவிக்கொண்டிருந்தார். மிசூரி மண்ணிலிருந்து கிடைத்தது ஓரியோமைசின், ரெற்றாசைக்கிளின் வகையில் முதல் மருந்து. 1948 இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த வருஷம் ஓகஸ்ட்டில் சுப்பராவ் இறந்துபோனார், 53 வயதில். ஊருக்குத் திரும்பவேயில்லை. மனைவி சேஷகிரி அங்கேயேதான் இருந்தார்.

அவர் பார்க்காதது ஒன்று உண்டு. ஓரியோமைசின் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைத் தீனியில் கலந்தால் கோழி வேகமாக வளர்கிறது என்று, அதே கம்பனியின் ஜூக்ஸும் ஸ்ரோக்ஸ்ராட்டும் 1950 இல் அறிவித்தார்கள். பிறகென்ன, கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் அன்ரிபயோற்றிக் தீனியாகவே போனது. கனடாவில் கால்நடையைக் கொழுக்க வைப்பதற்கென்று முக்கியமான அன்ரிபயோற்றிக்குகளை விற்பது 2018 டிசம்பரில்தான் நின்றது. அதற்கிடையில் கிருமிகள் பழகிவிட்டன. மனிதரும் சும்மா இருக்கவில்லை. தடிமனுக்கும் அன்ரிபயோற்றிக் விழுங்கினோம். ஊரிலிருந்து வரும்போது பெட்டிக்குள் நாலு அட்டை கொண்டுவருகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

கீமோ எடுக்கிறவர் அந்தக் குளிசைகளைத் தொடக்கூடாது. தெற்காசியாவுக்குப் போய்வருகிற பலரின் குடலில், மருந்துக்கு அடங்காத கிருமி ஒட்டிக்கொண்டு வருகிறது. சுகமாக இருக்கிறவருக்கு அது தெரியவும் வராது. வெள்ளை அணு குறைந்தவருக்கு அதே கிருமி இரத்தத்தில் இறங்கினால், வழக்கமாக முதலில் ஏற்றுகிற மருந்து வேலை செய்யாமல் போகலாம். அதனால் எமேர்ஜென்சியில் அவர்கள் கேட்காவிட்டாலும், அண்மையில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனதையும், அங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்த மருந்தோடு தொடங்குவது என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் தீர்மானிக்கவேண்டியிருக்கும்.