மலைக்கு மதிப்புப் போட்டவர்

பெருவேலை ஒன்றைத் தொடங்குமுன், அதற்கு எவ்வளவு பணம் செல்லும், எத்தனை ஆள் வேண்டும், எத்தனை காலம் பிடிக்கும் என்று கணக்கிடுவதை வெறும் லிகிதர் வேலையாக எண்ணுவோர் உளர். நான் அவ்வாறு எண்ணுவதில்லை. ஒரு நாட்டின் பொருளும், பல்லாயிரம் மக்களின் உழைப்பும் அந்தக் கணக்கின்மேல்தான் நிற்கின்றன. இதனை நம் நாட்டு வரலாற்றிலேயே விளங்கக் காட்டியவர் சேர் கில்போர்ட் லின்ட்சி மோல்ஸ்வேர்த். ஹாலிஎலயில் வாழும் எனக்கு அவர் வரலாற்றில் தனியானதோர் ஈடுபாடு உண்டு. எங்கள் ஊரைத் தொட்டுப் பதுளையில் முடியும் இருப்புப்பாதையின் கதை, அவர் காலத்திலேயே தொடங்குகிறது.

மோல்ஸ்வேர்த் 1828ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். பட்னியில் இருந்த பொறியியற் கல்லூரியில் பயின்றபின், இருப்புப்பாதை வேலையிலும், மன்செஸ்டரில் பெயார்பெயர்ன் என்னும் புகழ்பெற்ற பொறியியலாளரின் தொழிற்சாலையிலும் பயிற்சி பெற்றார். கிரிமிய யுத்த காலத்தில் வுல்விச் ஆயுதசாலைக் கட்டட வேலைகளில் ஈடுபட்டார். 1859இல், புகையிரதக் கம்பனியின் பணிக்காக இலங்கை வந்தார். அவர் வந்து சேர்ந்த வேளை நல்ல வேளையன்று.

அதன் காரணத்தைச் சிறிது கூறவேண்டும். கண்டியிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கோப்பியை மாட்டுவண்டியில் இறக்குவது பெருஞ்செலவாயும் காலதாமதமாயும் இருந்தது. ஆகவே 1845இல் இலங்கைப் புகையிரதக் கம்பனி தோன்றிற்று. கப்டன் மூர்சம் என்னும் பொறியியலாளர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். அவர் ஆறு வழிகளை ஆராய்ந்து, 1857ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் அறிக்கையைச் சமர்ப்பித்தார். தாம் சிறந்ததெனக் கண்ட வழிக்கு அவர் இட்ட மதிப்பு 8,56,557 பவுண். 1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார்.

வேலை தொடங்கிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. பொறுப்பேற்றிருந்த டொயின் என்பவர், முதலில் இட்ட மதிப்புக்குள் பாதையை முடிக்க இயலாது எனக் கண்டார். 1861இல் கம்பனியின் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. பங்குதாரரின் முதல் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அரசாங்கமே வேலையை ஏற்றுக்கொண்டது.

மூர்சம் பவுணைக்கூட விடாது எழுதியதை நான் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. எட்டரை லட்சம் எனச் சொன்னால் அது ஓர் ஊகம் என்று கேட்பவர் அறிவர். எட்டு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தேழு எனச் சொன்னால் அது உறுதிமொழியாகவே காதில் விழுகிறது! கூட்டல் பிழையற்றிருக்கலாம், கூட்டப்பட்ட உறுப்புகள் பிழையாயின் பயன் யாது? காட்டையும் கல்லையும் முழுதும் அறியுமுன் இட்ட தொகையை முடிந்த முடிபாகக் கொண்டதே இடர்ப்பாட்டின் வேர் என்பது என் கருத்து.

இந்நிலையில் 1862இல் மோல்ஸ்வேர்த் அரசாங்கப் புகையிரதத்தின் பிரதம பொறியியலாளர் ஆனார். அவ்வாண்டின் இறுதியில் பேவியல் என்னும் ஒப்பந்தகாரரின் கேள்விப்பத்திரம் ஏற்கப்பட்டது. கொழும்பு முதல் கண்டி வரை ஏறத்தாழ 73 மைல் தூரம். மூர்சம் அறுபது அடிக்கு ஓரடி ஏற்றம் எனக் கருதியிருந்தார். கடுகண்ணாவையில் அமைந்த பாதையோ நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி ஏறிற்று. வேலை படிப்படியாக முடிக்கப்பட்டது. 1864 டிசம்பர் 27ஆம் நாள் அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடிற்று. 1866இல் பொல்கஹவெலைக்கும், 1867இல் கண்டிக்கும் பாதை எட்டியது. முடிந்த பகுதி வருவாய் தரும். அதிற் கற்ற பாடம் அடுத்த பகுதியின் கணக்கைத் திருத்தும். பெருவேலையைப் பகுத்துச் செய்வதன் பயன் இதுவே.

இலங்கையில் உழைத்த ஆண்டுகளிலேயே அவருடைய பொறியியற் கைந்நூலும் வெளிவந்தது. சட்டைப்பையில் அடங்கும் சிறு நூல் அது. சூத்திரங்களும் அளவுகளும் நிரம்பியது. பல பதிப்புகள் கண்டு, அவர் பெயரை உலகெங்கும் பரப்பிற்று. பிறர் அளந்தறிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கிடுபவன், மனம்போனபடி தொகை கூறுவதில்லை.

ஆயினும் எந்த மதிப்பீட்டிலும் ஏறாத செலவு ஒன்றுண்டு. என் முன்னோரைப் போலத் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளரும் பிறரும் மலைச்சரிவில் நோய்க்கு இரையாயினர். மண்ணுக்கும் கல்லுக்கும் கன அளவு எழுதிய ஏடுகளில் அவ்வுயிர்களுக்கு நிரல் இல்லை. கணக்குக்கு எட்டாத இன்னொன்றும் நிகழ்ந்தது. பாதை கண்டியை அடைந்த இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலைநோய் கண்டறியப்பட்டது. எந்தப் பயிரை நம்பிப் பாதை போடப்பட்டதோ அந்தப் பயிரே அழிந்தது. பின்வந்த தேயிலைதான் அந்த முதலீட்டைக் காத்தது.

மோல்ஸ்வேர்த் 1867இல் பகிரங்க வேலைப் பகுதியின் அதிபதியானார். 1871இல் இந்தியா சென்று, அரசாங்கப் புகையிரதங்களுக்கு ஆலோசனைப் பொறியியலாளராக விளங்கினார். 1888இல் சேர் பட்டமும், 1904இல் இங்கிலாந்துப் பொறியியலாளர் கழகத்தின் தலைமையும் அவரை அடைந்தன. இங்கோ அவர் தொடக்கிய அகலப்பாதை மலையேறிக்கொண்டே இருந்தது. 1885இல் நானுஓயா, 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை என முன்னேறிற்று. தெமோதரையில் ஏற்றத்தைத் தணிக்க, பாதை ஒரு வளையமாய்ச் சுற்றி, நிலையத்தின் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறது. நானுஓயாவிலிருந்து ராகலைக்குச் சென்ற குறுகிய பாதையில் சரக்கை வண்டி மாற்ற நேர்ந்தது. ஹாலிஎலயில் ஏற்றிய தேயிலைப் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. கொழும்பு வரை ஒரே அகலம்.

1924இல் பாதை பதுளையை அடைந்தது. அப்போது மோல்ஸ்வேர்த் உயிருடனிருந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் காலமானார். முதல் மண் வெட்டியது முதல் பதுளை வரை 66 ஆண்டுகள்! எந்த அறிக்கையும் அக்காலத்தை முன்னுரைக்கவில்லை. தோட்டத்துப் பாலமாயினும் பாடசாலைக் கட்டடமாயினும், தொகை குறிக்கப் பேனா எடுப்போர் இதனை நினைத்தல் நன்று. அறிந்ததை அளந்து எழுதுக. அறியாததற்கு இடம் விடுக. வேலை வளர வளரக் கணக்கைத் திருத்துக. உழைப்பவன் உயிரை மட்டும் எந்த நிலையிலும் கணக்குக்கு வெளியே தள்ளாதிருப்பீராக.