மீரா என்றால் என்ன அர்த்தம்?



மலருக்கு ஒரு பெரிய மனுஷியோட வாழ்க்கையை எழுதித் தாங்கன்னு தலைவி அக்கா கேட்டாங்க. யாரைப் பற்றி எழுதுவது என்று நான் தேடவே இல்லை. என் மகளே ஒரு கேள்வி கேட்டு என்னை அவர்கிட்ட கொண்டுபோய் விட்டுட்டாள்.

என் மகள் பேரு மீரா. ஆறாவது படிக்கிறாள். அவரவர் பேருக்கு என்ன அர்த்தம்னு எழுதிட்டு வரச் சொல்லி பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தாங்க. கண்ணன் மேல பக்தி வைத்த ராணியோட பேருன்னு சொன்னேன். அது ஒரு ஆளுதானேம்மா, அர்த்தம் எங்கேன்னு திருப்பிக் கேட்டாள். எனக்கு வாயே திறக்கலை. ஆசையாகப் பேர் வைத்தோமே தவிர, அர்த்தத்தை யார் பார்த்தது?

என் நாத்தனார் மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே மிஷின் மாட்ட செர்பியா நாட்டிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்களாம், அவங்க பேரும் மீராதானாம். அவங்க நாட்டிலும் ரஷ்யா, பல்கேரியா மாதிரி அந்தப் பக்கத்து நாடுகளிலும் மிர் என்றால் சமாதானம் என்று அர்த்தமாம். ரஷ்யாவில் அதே சொல்லுக்கு உலகம் என்றும் அர்த்தம் உண்டு. அவங்க வானத்தில் கட்டின விண்வெளி நிலையத்துக்குக்கூட மிர் என்றுதான் பேர் வைத்தார்கள். மிரோஸ்லாவா என்று நீட்டியும் பெண்களுக்குப் பேர் வைப்பார்களாம். சமாதானமும் புகழும் சேர்ந்த பேர் அது.

நம்ம பக்கம் வந்தால் கதையே வேறு. நாகூர் ஆண்டவரை மீரான் சாகிபு என்பார்கள். அந்தப் பேரை வைத்துத்தான் முஸ்லிம் வீடுகளில் ஆண் பிள்ளைக்கு மீரான் என்றும் மீரா மொய்தீன் என்றும் பேர் வைக்கிறார்கள். அங்கே மீர் என்றால் தலைவர். சிவகங்கைக் கவிஞர் மீராவும் ஆண்தான். மீ. ராசேந்திரன் என்ற பேரைச் சுருக்கி மீரா ஆக்கிக்கொண்டார். பாண்டிச்சேரி அன்னை பாரிசில் பிறந்தவர், பெற்றவர்கள் வைத்த பேரிலேயே மீரா உண்டு. 1945-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா நடித்த மீரா படத்தை நம்ம பாட்டிமார்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படத்தின் கதைதான் 500 வருஷத்துக்கு முன்னால் ராஜஸ்தானத்தில் வாழ்ந்த மீராபாயின் கதை. சித்தூர் அரண்மனையில் வாழ்க்கைப்பட்டும் கண்ணனே புருஷன் என்று பாடிக்கிட்டுப் போனவர். நம்ம ஆண்டாள் மாதிரி.

இவ்வளவு மீராக்கள் இருந்தும் என் மனசில் நின்றவர் ஒருத்தர்தான். மீரா என்ற பேர் அவருக்குப் பிறந்தபோது வைத்தது இல்லை. 33 வயது முடிகிற சமயத்தில் காந்தி வைத்தது.

அவர் சொந்தப் பேர் மேடலின் ஸ்லேட். 1892 நவம்பர் 22-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா எட்மண்ட் ஸ்லேட் அந்த நாட்டுக் கடற்படையில் பெரிய அதிகாரி. நம்மை ஆண்ட வெள்ளைக்காரனுக்குக் கடலைக் காவல் காத்தவர். சின்ன வயசில் அப்பாவோடு மேடலினும் பம்பாயில் வந்து இருந்திருக்கிறார். அப்போது அவர் பார்த்ததெல்லாம் வெள்ளைக்காரர்களின் விருந்தும் கேளிக்கையும்தான். நம்ம ஜனங்களின் வாழ்க்கையைப் பார்க்கவே இல்லை. அவருக்குக் குதிரையும் மரங்களும் உயிர். பீத்தோவன் என்ற இசை மேதையின் சங்கீதம் அதற்கும் மேல். பீத்தோவனைப் பற்றி எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தைத் தேடிப் போய்ப் பார்த்தார். அவர் காந்தியைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் மேடலினுக்குத் தன் வழி எதுவென்று தெரிந்துவிட்டது.

உடனே கப்பல் ஏறவில்லை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தன்னால் அந்த வாழ்க்கையைத் தாங்க முடியுமா என்று ஒரு வருஷம் தன்னையே பழக்கிப் பார்த்தார். கறியையும் மதுவையும் விட்டார். நாற்காலியிலேயே உட்கார்ந்தவர் தரையில் சம்மணம் போட்டுப் பழகினார். கம்பளி நூற்கவும் நெய்யவும் கற்றார். உருது படித்தார். பிறகுதான் வந்தார். 1925 நவம்பர் 7-ம் தேதி அகமதாபாத் சபர்மதி ஆசிரமம். காந்தி அவரை மகளாக ஏற்றுக்கொண்டு, மீராபாயின் பேரை வைத்தார். அந்த ஊர்ப்பக்கம் பெண்களைப் பென் என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். சகோதரி என்று அர்த்தம், நாம் அக்கா என்கிற மாதிரி. அப்படி மீராபென் ஆனார்.

தலைமுடியை எடுத்தார். வெள்ளைக் கதர்ப் புடவை கட்டினார். ஆசிரமத்தில் கக்கூஸ் கழுவும் வேலையையும் செய்தார். வேலைக்காரர்கள் சூழ வளர்ந்த பெண் இவர். நம்ம வீட்டில் அந்த வேலையை இன்றைக்கும் யார் தலையில் கட்டுகிறோம் என்று யோசிச்சுப் பாருங்க.

ஆனால் சகோதரிகளே, அவர் வாழ்க்கை நேராகப் போகலை. மீராபென்னுக்குக் காந்தி பக்கத்திலேயே இருக்கணும். அவருக்குப் பணிவிடை செய்வதுதான் தன் வேலை என்று நினைத்தார். காந்தியோ, இந்தி படிக்க ஒரு ஊர், நூற்பு சொல்லிக்கொடுக்க ஒரு ஊர் என்று அவரை அனுப்பிக்கொண்டே இருந்தார். பிரிந்து போனால் இவருக்கு மனசு உடைந்துபோகும், உடம்புக்கு வரும். என்மேல் சாயாதே, உன் காலில் நில் என்ற கருத்தைக் காந்தி கடிதம் கடிதமாக எழுதினார். நூற்றுக்கணக்கான கடிதங்கள், பிற்பாடு புத்தகமாகவே வந்தன. இதைப் படிக்கும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நாட்டையும் வீட்டையும் விட்டு வந்தவளை இப்படித் தள்ளி நிறுத்துகிறாரே என்று தோன்றியது. பழைய மீரா கண்ணனிடம் கரைந்து போனவள். இந்த மீராவுக்குக் கரைந்து போக அனுமதி கிடைக்கவில்லை.

1931-ல் காந்தி வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போனபோது மீராபென்னும் கூடப் போனார். கடற்படைத் தளபதியின் மகள் பிறந்த நாட்டுக்குக் கதர்ப் புடவையோடு திரும்புகிறார். அவர்கள் தங்கினது பெரிய ஓட்டல் இல்லை, கிழக்கு லண்டனில் ஏழைத் தொழிலாளிகள் நடுவில் இருந்த கிங்ஸ்லி ஹால். ஊர் திரும்பியதும், இங்கே நடந்த அடக்குமுறையை வெளிநாடுகளுக்கு எழுதி அனுப்பியதற்காக ஜெயிலுக்குப் போனார். வார்தா பக்கத்தில் சேகாவ்ன் என்ற ஏழைக் கிராமத்தில் முதலில் போய்க் குடியிருந்தவரும் இவர்தான். 1936-ல் காந்தி அங்கே வந்தார். அந்த ஊர்தான் சேவாகிராமம் ஆனது.

1942-ல் காந்தியோடு இவரையும் புனா ஆகாகான் மாளிகையில் சிறை வைத்தார்கள். போன ஒரு வாரத்துக்குள் மகாதேவ தேசாய் செத்துப்போனார். 1944 பிப்ரவரி 22-ல் கஸ்தூர்பா அம்மாவும் அங்கேயே கண்ணை மூடினார். இரண்டு சாவையும் கூட இருந்து பார்த்துவிட்டு 1944 மே மாதம்தான் வெளியே வந்தார்.

அதற்குப் பிறகுதான் மீராபென் தன் காலில் நின்றார் என்று நான் சொல்வேன். வடக்கே ரூர்க்கி பக்கம் கிசான் ஆசிரமம் ஆரம்பித்தார். பிறகு ரிஷிகேஷ் பக்கத்தில் பசுலோக் என்று மாடுகளுக்காக ஒரு இடம். 1948 ஜனவரி 30-ல் காந்தியைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தபோது அவர் ரிஷிகேஷில்தான் இருந்தார். ஒரு காலத்தில் நாலு நாள் பிரிவைத் தாங்காதவர், அன்றைக்கு டெல்லிக்கு ஓடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்.

மலையில் இருந்தபோது அவர் கண்ணில் ஒன்று பட்டது. வருஷா வருஷம் வெள்ளம் ஏன் பெரிசாகிறது? பழைய ஓக் மரக் காடு அழிந்து பைன் மரம் பரவிக்கொண்டே வந்தது. ஓக் மரத்தின் இலை தரையில் மக்கி, மழைத் தண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டுக்கும் தழை கிடைக்கும். பைன் மரத்தின் ஊசி இலைக்கு அடியில் புல் பூண்டு சரியாக வளராது, தண்ணி சரசரன்னு ஓடிவிடும். பைன் மரத்தால் வருமானம் வந்ததால் அதைத்தான் வளர்த்தார்கள். இதையெல்லாம் எழுதி நேரு வரைக்கும் கொண்டுபோனார். அப்போது பெரிதாக யாரும் காதில் போட்டுக்கலை.

அவர் எச்சரித்த அந்த மலைப் பிரதேசத்தில்தான் 1974-ல் ரேணி கிராமத்துப் பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். முன்னால் நின்றவர் கௌரா தேவி. அந்த ஊர் மகளிர் மங்கள் தளத்தின் தலைவி, அதாவது நம்மைப் போல ஒரு மகளிர் சங்கத்துக்காரர். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கினதை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோமே. தண்ணிக்கு இடம் விடாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

1959-ல் மீராபென் இந்தியாவை விட்டுப் போனார். கடைசி இருபது வருஷத்துக்கு மேல் ஆஸ்திரியாவில், வியன்னா பக்கத்துக் காட்டோரம், தன் பழைய பீத்தோவனோடு வாழ்ந்தார். 1981-ல் நம் அரசாங்கம் பத்மவிபூஷண் கொடுத்தது. 1982 ஜூலை 20-ல் 89 வயதில் காலமானார். காந்தி படம் அந்த வருஷக் கடைசியில்தான் வெளியானது. அதில் தன்னைப் போல் ஒருத்தர் நடித்ததைப் பார்க்க அவர் இல்லை.

ஆஸ்திரியாவுக்கு எல்லை தாண்டினால் ஸ்லோவேனியா, செக் மாதிரி நாடுகள். மிர் என்றால் சமாதானம் என்று சொல்கிற ஜனங்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ராஜஸ்தானத்துப் பக்தையை நினைத்துக் காந்தி வைத்த பேர், அவர் கண் மூடின ஊருக்குப் பக்கத்தில் சமாதானம் என்றே கேட்கும். இதைச் சொன்னபோது என் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பேருக்கு அர்த்தம் ஆளுதான்மா, அந்த ஆள் செய்கிற வேலைதான் என்று அப்போதுதான் அவளுக்குப் பதில் சொல்ல முடிந்தது. நோட்டில் சமாதானம், தலைவர், மீராபாய், மீராபென் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள். ஒரு பேருக்கு இத்தனையா என்று டீச்சர் கேட்டாங்களாம்.

உங்க பேருக்கு என்னம்மா அர்த்தம்னு அன்றைக்கு ராத்திரி என்னையும் கேட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இன்னார் பொண்டாட்டி, இன்னார் மருமகள், அப்புறம் மீரா அம்மா. என் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டது நம்ம குழுவில்தான். தீர்மான நோட்டில் முதல் தடவை என் முழுப் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டபோது கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. அந்தப் பேருக்கு அர்த்தம் வைக்கிறது இனி நம்ம கையில்தான்.

அதனால் அடுத்த கூட்டத்தில் கைநாட்டு வைக்கிற அக்காமார்களுக்கு அவங்க பேரை எழுத நான் சொல்லித் தருகிறேன். விருப்பம் உள்ளவங்க அரை மணி முன்னாடி வாங்க, சிலேட்டு நான் கொண்டு வரேன்.

இப்படிக்கு,
படப்பையிலிருந்து உங்கள் சகோதரி