பைரன் பிரபுவின் காயீன்

ஆங்கிலக் கவிஞருள் பைரன் பிரபுவின் பெயர் அறியாதார் இலர். 1788-ஆம் வருஷம் லண்டனில் பிறந்த இவர், 1812-இல் பிரபுக்கள் சபையில் முதன்முதலாகப் பேச எழுந்தபோது, யந்திரங்களை உடைத்த நெசவுத் தொழிலாளருக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்தே பேசினார். தம் வகுப்பாரின் கோபத்துக்கு அஞ்சாத அவ்வுள்ளமே, பின்னர் மதபீடத்தின் கோபத்துக்கும் அஞ்சாது நின்றது.

இல்லறம் முறிந்து, ஊர்ப்பழி சூழ, 1816-இல் தாய்நாட்டை நீங்கியவர் உயிரோடு திரும்பவில்லை. இத்தாலியில் ராவென்னா நகரில் இருந்தபோது, 1821-இல், ‘காயீன்’ என்னும் செய்யுள் நாடகத்தை இயற்றினார். கிறிஸ்தவ வேதத்தில் தம்பியைக் கொன்ற பாதகனாக வரும் காயீன், இங்கே கேள்வி கேட்கும் மனிதனாக வருகிறான். பெற்றோர் அறிவுக்கனியை உண்டதற்குப் பிள்ளைகள் ஏன் தண்டனை பெறவேண்டும்? அறிவு நன்மையாயின் அது விலக்கப்பட்டதேன்? லூசிபர் அவனை அண்டவெளிக்கும் மாண்டோர் உலகுக்கும் அழைத்துச் சென்று, அழிந்துபோன ஆதியுலகங்களைக் காட்டுகிறான். திரும்பியவனுக்கு அமைதி இல்லை. பலிபீடத்தைத் தகர்க்க முற்பட்டு, தடுத்த ஆபேலைக் கொன்றுவிடுகிறான். சாவு யாதென அறியத் துடித்தவனே சாவை உலகுக்குக் கொணர்ந்தான். இதனைக் கொலையின் புகழ்ச்சி என்று கூறுவார் நூலைச் சரிவரப் படித்தவராகார் என்பதே நம் கருத்து.

பாதிரிமார் சீறினர். அனுமதியின்றி நூலை அச்சிட்டவரைத் தடுக்குமாறு பிரசுரகர்த்தர் மர்ரே 1822-இல் வழக்குத் தொடுத்தார். தெய்வநிந்தையோ என ஐயுறத்தக்க நூலுக்குச் சட்டத்தின் காவல் தர இயலாதென லார்டு சான்ஸ்லர் எல்டன் மறுத்துவிட்டார். விளைந்தது யாது? காவலற்ற நூலை எவரும் அச்சிடலாமன்றோ! மலிவுப் பதிப்புகள் பெருகின. செல்வர் வாங்கிய நூல் ஏழைகளின் கைக்கும் எட்டிற்று.

1823-இல் பைரன், துருக்கியரின் ஆட்சியை எதிர்த்துப் போராடிய கிரேக்கருக்குத் துணைபுரியப் புறப்பட்டார். அவர்களுடைய கப்பற்படைக்குத் தம் சொந்தப் பணத்தை அளித்தார். போர்க்களம் காணுமுன்னரே ஜுரங்கண்டு, 1824 ஏப்ரல் 19-ஆம் தேதி மிஸ்ஸலாங்கியில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. கிரேக்க நாடு அவருக்காகத் துக்கம் காத்தது. அவருடைய தாய்நாட்டிலோ வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம் அவருடலுக்கு இடந்தர மறுத்தது. அங்கே அவர் பெயர் பொறித்த கல் அமைய 1969-ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது.

145 வருஷம் நீடித்த அக்கோபம் அவர் எழுத்தில் ஓரடியையும் அழித்ததில்லை. கேள்வியைத் தண்டிக்க எண்ணும் அதிகாரிகள் எந்நாட்டவராயினும், எல்டன் பிரபுவின் தீர்ப்பையும் அதன் விளைவையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக!