மண்ணைப் படிக்கக் கற்பித்தவர்

இங்கிலாந்தின் தென்பகுதியில் மெய்டன் காசல் என்னும் பழங்காலக் கோட்டைக் குன்று உள்ளது. 1934ஆம் ஆண்டு முதல் 1937ஆம் ஆண்டு வரை அங்கு அகழாய்வு நடந்தது. அதைக் காண ஊர் மக்கள் திரண்டு வந்தனர். வேலை கெடும் என்று அவர்களைத் தடுத்திருக்கலாம். ஆனால், ஆய்வுக்குத் தலைமை தாங்கிய மார்ட்டிமர் வீலர் அவர்களை வரவேற்றார். வந்தவர்களுக்குக் குழிகளைச் சுற்றிக் காட்டி விளக்கும் பொறுப்பை மாணவர்களிடம் ஒப்படைத்தார். அஞ்சலட்டைகளும் அங்கு விற்கப்பட்டன. செய்தியாளர்களையும் அவர் அழைத்துப் பேசினார்.

இது வீண் விளம்பரம் என்று அறிஞர்கள் சிலர் முகம் சுளித்தனர். வீலர் அதைப் பொருட்படுத்தவில்லை. அகழாய்வுக்கு மக்களும் பணம் கொடுக்கின்றனர். எனவே, கண்டறிந்ததை அவர்களுக்குப் புரியும்படி சொல்வது ஆய்வாளரின் கடமை என்பது அவர் கருத்து.

வீலர் 1890ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். அதன்பின் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்திலும் லண்டன் அருங்காட்சியகத்திலும் பொறுப்பேற்றார். அவருடைய மனைவி டெஸ்ஸாவும் தொல்லியல் அறிஞர். அகழாய்வுக் களங்களில் மாணவர்களைப் பழக்கியதில் டெஸ்ஸாவின் பங்கு மிகப் பெரியது. தொல்லியல் கற்பிப்பதற்கென்றே லண்டனில் ஒரு கல்விக்கழகம் வேண்டும் என்று இருவரும் பல ஆண்டுகள் உழைத்தனர். அது 1937ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதைக் காண டெஸ்ஸா இல்லை. முந்தைய ஆண்டே, 43 வயதில் அவர் காலமாகியிருந்தார்.

1944ஆம் ஆண்டு வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரானார். அதே ஆண்டில், இன்று பாகிஸ்தானில் உள்ள தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். ஒரே ஆழத்தில் கிடைப்பவை எல்லாம் ஒரே காலத்தவை அல்ல என்பது அவர்கள் கற்ற முக்கியமான பாடம். பிற்காலத்தவர் வெட்டிய குப்பைக்குழி, பழைய மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கலாம் அல்லவா? ஆகவே, ஆழத்தை மட்டும் அளந்தால் போதாது. மண் அடுக்குகளைக் கவனிக்க வேண்டும். அதற்காக நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துத் தோண்டினர். சதுரங்களுக்கு இடையே மண்சுவர்களை வெட்டாமல் விட்டனர். அச்சுவர்களில் அடுக்குகள் வரிவரியாகத் தெரிந்தன.

அந்த முறை தமிழர் வரலாற்றுக்கும் உதவியது. சென்னை அருங்காட்சியகத்தில், உடைந்த சாடி ஒன்றின் பகுதியை வீலர் கண்டார். அது மத்தியதரைக்கடல் நாடுகளில் மது ஏற்றி அனுப்பப் பயன்பட்ட சாடி! அது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்தது என அறிந்து, 1945ஆம் ஆண்டு அங்கு அகழாய்வு செய்தார். இத்தாலியில் செய்யப்பட்ட சிவப்புநிற மட்கலங்களின் ஓடுகள் அங்கு கிடைத்தன. அவற்றின் காலம் ஏற்கெனவே தெரிந்த ஒன்று. எனவே, அதே அடுக்கில் இருந்த உள்ளூர்ப் பானைகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. அரிக்கமேடு வீலர் கருதியதைவிடப் பழைய ஊர் என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் காட்டினர். எனினும், தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு கிடைக்க அந்த ஓடுகளே வழி திறந்தன.

இங்கிலாந்து திரும்பிய பிறகு, 1950களில், வீலர் தொலைக்காட்சியிலும் தோன்றினார். ஓர் அருங்காட்சியகப் பொருளை அறிஞர்களிடம் கொடுத்து, அது என்ன, எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் நிகழ்ச்சி அது. பெரிய மீசையும் கம்பீரமான பேச்சும் கொண்ட அவரை மக்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. 1954ஆம் ஆண்டின் சிறந்த தொலைக்காட்சிப் பிரமுகராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். நடிகரோ பாடகரோ அல்ல, மண்ணைத் தோண்டும் ஓர் ஆய்வாளர்! வீலர் 1976ஆம் ஆண்டு, தம் 85ஆம் வயதில் மறைந்தார்.