கல்லில் ஒளி புகுத்திய அம்மையார்

உளியும் சுத்தியும் ஏந்திக் கடினமான கல்லோடு போராடுவது ஆடவர்க்கே உரிய தொழில் என்று உலகம் கருதியிருந்த காலத்தில், நான்கு குழந்தைகளுக்குத் தாயாயிருந்துகொண்டே உளியைக் கீழே வைக்காமல் உழைத்தவர் பார்பரா ஹெப்வொர்த் அம்மையார். இருபதாம் நூற்றாண்டின் சிறந்த சிற்பிகளுள் ஒருவராய் விளங்கிய அவருடைய வாழ்வைச் சிறிது காண்போம்.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரைச் சேர்ந்த வேக்பீல்டு நகரில் 1903-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் ஒரு பொறியாளர். சாலைகளையும் பாலங்களையும் பார்வையிடக் காரில் செல்லும்போது மகளையும் உடன் அழைத்துச் செல்வார். ஆலைகள் நிறைந்த நகரைத் தாண்டியதும் எழும் குன்றுகளின் ஏற்ற இறக்கங்கள் அச்சிறுமியின் கண்ணுக்குச் சிற்பங்களாகவே தோன்றின. ஏழு வயதில், பள்ளியில் தலைமையாசிரியை எகிப்தியச் சிற்பங்களின் படங்களைத் திரையில் காட்டி விளக்கினார். தாம் என்ன ஆகவேண்டும் என்பதை அச்சிறுமி அன்றே அறிந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரத்தில் என்னென்னவெல்லாம் நேர்ந்துவிடுகிறது!

லீட்ஸ் ஓவியப் பள்ளியில் 1920-இல் சேர்ந்தபோது, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஹென்றி மூர் அங்கு உடன் பயின்றார். அடுத்த ஆண்டு இருவரும் இலண்டன் அரச கலைக் கல்லூரிக்குச் சென்றனர். 1924-இல் ரோமாபுரிக்குச் சென்று பயில்வதற்கான பரிசுப் போட்டியில் நம் அம்மையார் இரண்டாவதாகவே வந்தார். வென்றவர் ஜான் ஸ்கீப்பிங் என்னும் இளஞ்சிற்பி. ஆயினும் வேறோர் உதவித்தொகை பெற்று இத்தாலி சென்ற அம்மையார், 1925-இல் அவரையே பிளாரன்ஸ் நகரில் மணந்தார். ரோமாபுரியில் ஒரு முதிய கைவினைஞரிடம் சலவைக்கல்லைச் செதுக்கக் கற்றுக்கொண்டார்.

இதன் அருமையை நாம் உணரவேண்டும். அந்நாளைய சிற்பிகள் பலர் களிமண்ணில் மாதிரி செய்து கொடுத்துவிடுவர். கல்லை வெட்டுபவர் வேறொரு தொழிலாளியாயிருப்பார். அம்மையாரோ கல்லைத் தம் கையாலேயே செதுக்கினார். அதன் வரியையும் நிறத்தையும் பார்த்தே வடிவத்தை முடிவு செய்தார். 1930-களின் தொடக்கத்தில், மூடிக்கிடந்த கல்லின் நடுவே துளையிட்டு அதனூடே ஒளி பாயச் செய்தார். அத்துளை வெறும் வெற்றிடமன்று. கல்லைப் போலவே அதுவும் சிற்பத்தின் ஓர் உறுப்பு. கண்டோர் சிலர் நகைத்தனர். பின்பு உலகெங்கும் சிற்பிகள் அவ்வழியைக் கையாண்டனர்.

முதல் மகன் பால் 1929-இல் பிறந்தான். முதல் மணவாழ்வு நிலைக்கவில்லை. பின்னர் அம்மையார் ஓவியர் பென் நிக்கல்சனைத் துணையாய்க் கொண்டார். அவ்வுறவும் 1951-இல் மணமுறிவில் முடிந்தது. இவற்றை நாம் மறைக்கவேண்டியதில்லை, பாராட்டவும் வேண்டியதில்லை.

1934-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரே பேற்றில் மூன்று குழந்தைகள் பிறந்தன. சைமன், ரேச்சல், சாரா என்பன அவர்கள் பெயர். பணமோ இல்லை, இடமும் போதவில்லை. அடுத்த மாதமே அம்மையார் மீண்டும் உளியை எடுத்தார். அப்போது பிறந்த சிற்பம் வெண்சலவைக்கல்லில் செதுக்கிய 'மூன்று வடிவங்கள்'. அந்த மூன்றும் அந்த மூவரோ என்று நம் உள்ளம் கேட்காமலிராது! குழந்தைகளைச் சில காலம் பிறர் பராமரிப்பில் விட நேர்ந்ததைக் குறை கூறுவோர் இன்றும் உண்டு. தாய்மை தம் கலைக்குத் தடையன்று, நாளும் அரைமணியேனும் வேலை நடந்தால் போதும் என்பதே அம்மையாரின் கொள்கை. அந்த அரைமணி எத்தனை பாடுபட்டுக் கிடைத்ததென்பதை வீட்டு வேலையறிந்த தாய்மார்களுக்கு நாம் சொல்லவேண்டுமோ?

1939-இல் போர் மூளும் தறுவாயில் குடும்பம் கார்ன்வால் கடற்கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊர்ப் பக்கம் குடியேறியது. பகலில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியும் காய்கறித் தோட்டமும். இரவில்தான் வரைபடமும் சிறு சிற்பங்களும். 1944-இல் சாராவுக்கு எலும்பில் நோய் கண்டு நெடுநாள் சிகிச்சை தேவைப்பட்டது. அவளுக்குச் சிகிச்சையளித்த அறுவை மருத்துவர் நார்மன் கேப்பனர் அம்மையாருக்கு நண்பரானார். 1947-இல் அறுவைக் கூடத்தினுள்ளேயே வந்து வரைய அழைத்தார். இரண்டாண்டுகளில் எண்பது படங்கள் வரை உருவாயின. முகத்திரைக்கு மேல் தெரியும் கண்களும், கருவி பிடித்த கைகளுமே அவற்றில் உயிர்பெற்று நிற்கின்றன.

இதனினும் பெரிய துயரம் 1953-இல் வந்தது. அரச விமானப்படையில் பணியாற்றிய மூத்த மகன் பால், தாய்லாந்தில் நேர்ந்த விமான விபத்தில் மாண்டார். வயது இருபத்துமூன்று. பல ஆண்டுகளாக மனித முகமற்ற வடிவங்களையே பெரிதும் செதுக்கிவந்த தாய், மகனுக்காகத் தேவமாதாவையும் குழந்தை இயேசுவையும் கல்லில் செதுக்கி, 1954-இல் செயின்ட் ஐவ்ஸ் ஊரின் ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கு அளித்தார். குழந்தையை அணைத்த அன்னையின் அவ்வுருவம் இன்றும் அங்குள்ளது. மகனை இழந்த தாய் ஒருத்திக்கு வேறெந்த அன்னையின் உருவம் நினைவுக்கு வரும்?

ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் அம்மையாரின் நண்பர். அம்மையாரின் சந்தனமரச் சிற்பம் ஒன்று அவரிடம் இருந்தது. 1961-இல் அவரும் ஆப்பிரிக்காவில் விமான விபத்திலேயே இறந்தார். அவர் நினைவாக அம்மையார் அமைத்த 'ஒற்றை வடிவம்' என்னும் வெண்கலச் சிற்பம், 21 அடி உயரத்தில், 1964-இல் நியூயார்க்கில் அச்சபையின் முன்றிலில் திறந்துவைக்கப்பட்டது. அதன் மேற்பகுதியிலும் வட்டமான ஒரு துளை; அதனூடே வானம் தெரியும். மறு ஆண்டு அம்மையாருக்கு 'டேம்' பட்டம் கிடைத்தது.

இறுதி ஆண்டுகளில் புற்றுநோயும் இடுப்பெலும்பு முறிவும் வாட்டியபோதும் அவர் வேலையை விடவில்லை. 1975-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் இரவு, செயின்ட் ஐவ்ஸில் தம் சிற்பக்கூடத்தில் பற்றிய தீயில், எழுபத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். அவர் விரும்பியபடியே அவ்வில்லமும் தோட்டமும் 1976 முதல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கின்றன. பிறந்த ஊரான வேக்பீல்டிலும் 2011-இல் அவர் பெயரால் ஒரு கலைக்கூடம் எழுந்தது. செயின்ட் ஐவ்ஸ் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போர், அவர் விட்டுச்சென்ற கருவிகளையும், செதுக்கி முடிக்காத கற்களையும் இன்றும் காணலாம்.