சிஷ்யரே எஜமானர் ஆனபோது: ராஜா சர் டி. மாதவராவ்

நம் அங்கத்தினர்களில் பலர் வடக்கே பெரிய உத்தியோகங்களில் இருக்கிறார்கள். தாம் வேலை கற்றுக்கொடுத்த பையனே ஒருநாள் மேலதிகாரியாக வந்து உட்காரும் சங்கடம் அவர்களுக்குப் புதிதல்ல. அதை இரண்டு சமஸ்தானங்களில் இரண்டு முறை அனுபவித்தவர் ராஜா சர் டி. மாதவராவ்.

1828-ல் கும்பகோணத்தில் பிறந்தார். வீட்டில் மராத்தி பேசிய தேசஸ்தக் குடும்பம். ஆனாலும் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தான். தகப்பனாரும் அவர் சகோதரரும் திருவாங்கூர் திவான்களாக இருந்தவர்கள். சென்னையில் பவல் துரையிடம் படித்த மாதவராவ், 1849-ல் திருவாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியரானார். 1857-ல் திவான் பொறுப்பு தேடி வந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. 1860-ல் பட்டத்துக்கு வந்த ஆயில்யம் திருநாள் அவருடைய மாணவர்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மிளகு ஏகபோகம் ஒழிந்தது, சர்க்கார் கடன் அடைந்தது, 1865-ல் சர்க்கார் நிலக் குடியானவர்களுக்கு நிலத்தில் முழு உரிமை கிடைத்தது. 1866-ல் அரசருக்கு மகாராஜா பட்டம். அதே வருஷம் திவானுக்கு சர் பட்டம். கௌரவம் இருவருக்கும் வந்தது, ஆனால் வெளியூர்ப் புகழ் திவானையே சுற்றியது. ஹென்றி ஃபாசெட் என்ற ஆங்கிலேய அரசியல்வாதி அவரை பிரான்ஸின் துர்கோவுக்கு ஒப்பிட்டார். துர்கோவையும் ஓர் இளம் ராஜாதான், 1776-ல், வேலையைவிட்டு நீக்கினார் என்பது ஃபாசெட்டுக்கு நினைவிருந்ததோ என்னவோ!

அரசருக்கும் திவானுக்கும் மனஸ்தாபம் முற்றியது. 1872-ல் மாதவராவ் ராஜிநாமா செய்து, பென்ஷனுடன் சென்னைக்குத் திரும்பினார். அவருக்குப் பதில் வந்தவர் பவலிடமே படித்த சேஷையா சாஸ்திரி.

பிறகு சிலகாலம் இந்தூர். 1875-ல் மல்ஹர்ராவ் கெய்க்வாட் நீக்கப்பட்ட பரோடாவுக்குத் திவான். சிம்மாசனத்தில் பன்னிரண்டு வயது சயாஜிராவ். மறுபடியும் பாலபாடம்! ஒரு ராஜா மந்திரிகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அந்தப் பிரசங்கங்களில் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். அவை 1881-ல் 'மைனர் ஹின்ட்ஸ்' என்ற புத்தகமாயின. திருவாங்கூரில் பட்ட அனுபவம் அதில் இருக்கத்தான் செய்யும் என்பது என் ஊகம்.

1881 டிசம்பரில் சயாஜிராவுக்கு முழு அதிகாரம் வந்தது. ஆறு வருஷம் ராஜ்யத்தைத் தன் கையில் வைத்திருந்தவர், பதினெட்டு வயது இளைஞரின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அபிப்பிராய பேதங்கள் தலைகாட்டின. 1882-லேயே விலகிவிட்டார். குரு ஸ்தானத்தை மனசிலிருந்து இறக்கிவைக்க அவருக்கு இரண்டாம் முறையும் முடியவில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் நிலைமையைப் புரிந்துகொண்டு சீக்கிரமே கிளம்பியது விவேகம்.

சென்னையில் 1887 காங்கிரஸ் மகாசபைக்கு வரவேற்புக் கமிட்டித் தலைவராக இருந்தார். 1891-ல் காலமானார். திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே அவர் சிலை நிற்கிறது. அந்த இடத்துக்கே 'ஸ்டாச்சு' என்று பெயர்.