கணினிக்குள் கைகாட்டி நாட்டியவர்

ஒற்றை இருப்புப்பாதையில் இரண்டு தொடர்வண்டிகள் எதிரெதிரே வரக்கூடும். ஒன்றுக்கு வழிவிட்டு மற்றொன்றை நிறுத்திவைப்பது கைகாட்டி. அத்தகைய கைகாட்டியைக் கணினிக்குள்ளும் நாட்டியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

அவர் 1930ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியல் அறிஞர். தாய் கணிதம் கற்றவர். சட்டம் பயின்று ஐக்கிய நாடுகள் அவையில் தம் நாட்டின் சார்பில் பணியாற்ற இளமையில் விரும்பினார். ஆயினும் லெய்டன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். 1951இல் கேம்பிரிட்ஜில் பெற்ற நிரலாக்கப் பயிற்சி அவர் வாழ்வைத் திசைதிருப்பியது. அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். 1957இல் திருமணப் பதிவின்போது தம் தொழிலை நிரலாளர் எனக் குறித்தார். அப்படியொரு தொழிலே இல்லை என அலுவலர்கள் மறுத்தமையால், இயற்பியலாளர் என்றே பதிய வேண்டியதாயிற்று.

அக்காலத்தில் எக்ஸ் 1 என்னும் கணினி வடிவமைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு வேலையின் நடுவே வெளிக்கருவி குறுக்கிட்டு, கணினியின் கவனத்தைத் தன்பால் ஈர்க்கும் ஏற்பாட்டை அதன் வடிவமைப்பாளர்கள் முன்மொழிந்தனர். டைக்ஸ்ட்ரா அஞ்சினார். குறுக்கீடு எந்த நொடியில் நிகழும் என எவராலும் கூற இயலாது. ஆகவே, அதனால் விளையும் பிழை ஒருமுறை தோன்றி மறைந்துவிடும், தேடும்போது அகப்படாது. சில மாதங்கள் தயங்கிய பின்னரே அவர் இசைந்தார். பின்னர் அச்சிக்கலையே ஆராய்ந்து 1959இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவருடைய அச்சம் வீணன்று. நினைவகத்தில் 10 என்னும் எண் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு செயல்முறைகள் ஒரே வேளையில் அதனைப் படித்து, ஒவ்வொன்றும் 1 கூட்டி எழுதினால், 12 இருக்க வேண்டிய இடத்தில் 11 இருக்கும். ஒன்றன் உழைப்பு சுவடின்றி அழிந்துபோகும். பல செயல்முறைகள் போட்டியிடினும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே பொது இடத்தில் நுழையும் வழியை 1965இல் அவர் மிகச் சுருக்கமான ஒரு கட்டுரையில் நிறுவினார்.

அதனினும் எளிய கருவி அவர் படைத்த செமஃபோர். கைகாட்டியைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. எண் 1ஆக இருந்தால், வரும் செயல்முறை அதனை 0ஆக்கி உள்ளே செல்லும். 0ஆக இருந்தால் காத்திருக்கும். வேலை முடித்து வெளியேறும் செயல்முறை அடுத்ததற்கு வழிவிடும். எண்ணைப் பார்ப்பதும் மாற்றுவதும் பிரிக்கவியலாத ஒரே செயலாக நிகழ வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. இடையே சிறு இடைவெளி இருப்பினும் இரண்டு செயல்முறைகள் ஒரே 1ஐக் கண்டு உட்புகுந்துவிடும்.

பூட்டும் புதிய இடரைத் தந்தது. ஒரு கருவியைப் பற்றியவாறே மற்றொன்றுக்கு இரண்டு செயல்முறைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றால், இரண்டுமே என்றும் நகரா. இதற்கு அவர் வங்கியாளரின் முறையைத் தீர்வாக வகுத்தார். எல்லாரும் வேலையை முடித்துத் திருப்பித் தரும் வழி உண்டா எனச் சரிபார்த்த பின்னரே கடன் வழங்கும் வங்கியைப்போல, இயக்க முறைமையும் ஆராய்ந்த பின்னரே கருவியை அளிக்க வேண்டும் என்றார்.

1962இல் ஐந்தோவன் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரான டைக்ஸ்ட்ரா, அங்கே ஒரு சிறு குழுவுடன் இயக்க முறைமை ஒன்றை அடுக்கடுக்காக உருவாக்கினார். செமஃபோரே அதன் செயல்முறைகளை ஒழுங்குபடுத்தியது. சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம். இல்லாமையை நிறுவ இயலாது. எனவே, நிரலின் சரிமையைக் கணிதத்தைப்போல மெய்ப்பிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

1972இல் டியூரிங் விருது பெற்றார். 1984 முதல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1999இல் ஓய்வு பெற்றார். மை ஊற்றும் பேனாவால் தெளிந்த கையெழுத்தில் எழுதிய குறிப்புகளைப் படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது அவர் வழக்கம். அவர் எண்ணிட்டுவைத்த குறிப்புகள் 1300க்கும் மேற்பட்டவை. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், நெதர்லாந்தின் நூனன் ஊரில் மறைந்தார்.

எந்தப் பிழையை எண்ணி இளமையில் அஞ்சினாரோ, அப்பிழை புகாதவாறு காக்கும் கைகாட்டி இன்றைய கணினிகளின் இயக்க முறைமைக்குள் ஓயாது இயங்கிக்கொண்டிருக்கிறது.